மருத்துவப் பிள்ளைகளின் வழிச்செலவு: பைத்துல்மாலின் கதவு ஏன் திறக்கவில்லை?



2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரம். கோட்டக்குப்பத்தில் மஃரிப் தொழுகை முடித்துப் பள்ளிவாசலின் படியிறங்கியபோது, எனக்காக ஒருவர் காத்து நின்றார். மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றும் கூலித் தொழிலாளி. மழை தொடங்கி உப்பளத்தில் வேலை நின்றுவிட்டால் வாடகை ஆட்டோ ஓட்டுவார். அவருடைய மகள் சிறுமியாக இருந்தபோது என்னிடம் ஓதியவள். அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, பயிற்சி மருத்துவர் ஆண்டையும் நிறைவு செய்துவிட்டாள். முதுநிலை நீட் தேர்வு எழுத அவளுக்கு ஒதுக்கப்பட்ட நகரம் ஆந்திரத்தின் கர்னூல்.

"ஹஜ்ரத், போக வர ரெண்டு பேருக்கு எட்டாயிரம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்கோம். கையில மூவாயிரம் இருக்கு" என்றார். இதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் வசிக்கும் ஊரின் நிதிக் குழு மறுநாள் கூடியது. மார்க்க விளக்கம் தேவைப்பட்டால் சொல்லவேண்டும் என்பதற்காக என்னையும் அழைத்திருந்தார்கள். ஊரின் பெயரும் குழுவினரின் பெயர்களும் இங்கே தேவையில்லை. இதே உரையாடல் எந்த ஊரிலும் நடந்திருக்கக்கூடியதுதான். விண்ணப்பத்தைப் படித்ததும் ஒருவர், "கல்லூரிக் கட்டணம் என்றால் ரசீது இருக்கும், பஸ்ஸுக்கும் லாட்ஜுக்குமா பைத்துல்மால்?" என்றார். இன்னொருவர், "டாக்டரே ஆகிவிட்டாள், இனி அவள் என்ன ஏழை?" என்றார். மூன்றாமவர் என் முகத்தைப் பார்த்தபடி, "பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போவது கூடுமா என்று ஹஜ்ரத் சொல்லட்டும்" என்றார். மஹ்ரமோடு செல்லலாம் என்று நான் சொன்னேன். அதற்கு மேல் நான் பேசியிருக்கவேண்டியவை நிறைய இருந்தன. ஆனால் பேசவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. அந்தப் பெண்ணின் தாய் தம் கழுத்துச் சங்கிலியை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு அடகு வைத்தார்.

அன்று பேசாததை இன்று எழுதுகிறேன்.

முதலில், அந்த எட்டாயிரம் எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அந்தத் தேர்வு 2024 ஜூன் 23 அன்று நடப்பதாக இருந்தது. அப்போது அவளுக்குக் கிடைத்த மையம் சென்னை. முந்தைய நாளே தந்தையும் மகளும் சென்னைக்குச் சென்று உறவினர் வீட்டில் தங்கினார்கள். அன்று இரவு, விடிந்தால் தேர்வு என்ற நிலையில், ஒத்திவைப்பு அறிவிப்பு வந்தது. சென்னைக்குப் போய் வந்த செலவு வீணாயிற்று. ஜூலையில் நான்கு நகரங்களைத் தேர்ந்தெடுக்கும்படி தேர்வு வாரியம் புதிதாகக் கேட்டது. ஜூலை 31 அன்று ஒதுக்கீடு வெளியானபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு ஆந்திரத்தின் நகரங்கள் வந்திருந்தன. தேர்வு நாள் ஆகஸ்ட் 11. இடையில் இருந்தவை பதினொரு நாட்கள்தாம். தேர்வுக் கூடம் எது என்பது கடைசிச் சில நாட்களில்தான் தெரியவந்தது. தேர்வைத் தள்ளிவைக்கக் கோரிய மனுவை ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அக்காலத்தில் ரயிலில் 120 நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். 2024 நவம்பரில்தான் அது 60 நாட்களாகக் குறைந்தது. பதினொரு நாள் அவகாசம் கிடைத்தவருக்கு இந்த வசதியால் என்ன பயன்? காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துவிட்டு, தட்கலுக்காகப் பயணத்துக்கு முந்தைய நாள் காலையில் கைப்பேசியோடு உட்காரவேண்டியதுதான். அதில் உறுதியான சீட்டை ரத்துச் செய்தால் பணம் திரும்பாது. ஆக, தேர்வு இன்னொரு முறை ஒத்திவைக்கப்பட்டிருந்தால் அந்தச் செலவும் கடலில் போட்ட உப்புதான். ஊரிலிருந்து சென்னைக்குப் பேருந்து, அங்கிருந்து ரயில், இரண்டு இரவு விடுதி, ஆட்டோ, உணவு. இவை எல்லாம் இருவருக்கு. தேர்வுக் கட்டணம் 3,500 ரூபாயை முன்பே கட்டியாயிற்று. கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வழிச்செலவு. கட்டணத்துக்கு ரசீது கேட்ட சகோதரர் இந்தக் கணக்கை ஒரு தடவை தாமே போட்டுப் பார்த்திருக்கலாம்.

இது ஓர் ஆண்டில் நேர்ந்த தவறு என்று ஒதுக்கவும் முடியாது. 2018ஆம் ஆண்டு இளநிலை நீட் தேர்வில் தமிழகப் பிள்ளைகளுக்கு எர்ணாகுளத்திலும் ராஜஸ்தானிலும் மையங்கள் ஒதுக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். தமிழ்நாட்டிலேயே மையம் அமைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது, வெளிமாநிலம் செல்லும் மாணவருக்கு ஆயிரம் ரூபாயும் இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணமும் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துச் சென்ற தந்தை ஒருவர், மகன் தேர்வு எழுதிய அந்த நாளிலேயே அங்கே மாரடைப்பால் இறந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அப்போது ஊர் முழுக்கப் பேசினோம். ஆனால் அடுத்த ஆண்டுக்கென எந்தப் பைத்துல்மாலாவது ஒரு தலைப்பை ஒதுக்கியதா?

வெளிநாட்டுக் கனவிலும் இதே கதைதான். பிரிட்டனில் மருத்துவராகப் பதிவுபெற எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதி மான்செஸ்டரில்தான் நடக்கிறது. அமெரிக்காவின் செய்முறைத் தேர்வு ஒன்று அந்நாட்டின் ஐந்தே நகரங்களில் நடந்துவந்தது. உலகின் எந்த மூலையில் படித்தவரும் விசா வாங்கி, விமானம் ஏறி, அங்கே போய்த்தான் எழுதவேண்டியிருந்தது. 2021இல் அது கைவிடப்பட்டது. அந்நாட்டில் மருத்துவமனைப் பயிற்சி இடங்களுக்கான நேர்காணல்களுக்காகப் பிள்ளைகள் கடன்பட்டு ஊர் ஊராகப் பறந்ததும் உண்டு. பெருந்தொற்றுக் காலமான 2020 முதல் பெரும்பாலான நேர்காணல்கள் கணினித் திரை வழியே நடக்கின்றன. அத்தனை ஆண்டுகள் தவிர்க்கவே முடியாதது என்று சொல்லப்பட்ட செலவு, ஒரே பருவத்தில் தவிர்க்கக்கூடியதாக மாறிவிட்டது. ஆகவே நம் தேர்வு வாரியத்திடம் கேட்கவேண்டியதை நாம் தயங்காமல் கேட்கலாம். 2025இல் ஒரே வேளையில் தேர்வு நடத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின், விரும்பும் நகரத்தைத் தேர்ந்தெடுக்க மீண்டும் வாய்ப்புத் தரப்பட்டது. ஆனால் முந்தியவருக்கே முதலிடம் என்ற முறையில். இணையம் மெதுவாக இயங்கும் வீட்டுப் பிள்ளை அதில் எந்த இடத்தில் நிற்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அரசைக் கேட்பது எளிது. நம்மை நாமே கேட்பதுதான் கடினம். நான் மதரஸா ஆசிரியன். என் கேள்வி நம்மைப் பார்த்துத்தான்.

ஹஜ் பாடத்தை ஓதாத மதரஸா மாணவர் யாரேனும் உண்டா? அதில் ஹஜ் கடமையாவதற்கு ஃபிக்ஹு அறிஞர்கள் வைத்த நிபந்தனை என்ன? வழியுணவும் வாகனமும். அத்தோடு அவர்கள் நிறுத்தவில்லை. போவதற்கான செலவு மட்டும் இருந்தால் போதாது, திரும்புவதற்கான செலவும் இருக்கவேண்டும் என்றார்கள். திரும்பும்வரை வீட்டில் இருப்போரின் உணவுக்கும் பொருள் இருக்கவேண்டும் என்றார்கள். பெண் செல்வதானால், உடன்வரும் மஹ்ரம் தன் செலவைத் தானே ஏற்காதபோது அதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். பயணத்துக்கு வரவு செலவுத் திட்டம் போடுவது எப்படி என்பதை நம் மூதாதையர் இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்துவிட்டார்கள். அதே புத்தகத்தை ஓதிக்கொடுத்த நான், உப்பளத் தொழிலாளியின் விண்ணப்பத்தின் முன் ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிக் கைகழுவும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. யமன் நாட்டிலிருந்து சிலர் வழியுணவு ஏதுமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு, மக்காவுக்கு வந்ததும் மக்களிடம் கையேந்தினார்கள். இதைத் தொடர்ந்தே வழியுணவைத் தேடிக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் இது இடம்பெற்றுள்ளது. முன்னேற்பாடு இல்லாத பயணத்தைத் தவக்குல் என்று அழைக்க அல்லாஹ்வே இடம்தரவில்லை. பின் நாம் யார்?

அறிவுக்கான பயணத்தின் செலவு அறிவோடு சேர்ந்தது இல்லை என்கிறீர்களா? ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு நபிமொழியைக் கேட்பதற்காக ஒரு மாதப் பயணம் செய்து ஷாம் சென்றார்கள் என்று மிம்பரில் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பயணத்துக்காக அவர்கள் ஓர் ஒட்டகம் வாங்கினார்கள் என்ற செய்தியும் அதே அறிவிப்பில் இருக்கிறது. பயானில் அந்த ஒட்டகத்தை நாம் விட்டுவிடுகிறோம். இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) அவர்கள் யமனுக்கு ஹதீஸ் தேடிச் சென்றபோது வழியில் பணம் தீர்ந்துவிட, ஒட்டகக்காரர்களிடம் கூலி வேலை செய்து பயணத்தைத் தொடர்ந்தார்கள். அவர்களுடைய தியாகத்தைப் புகழ்கிறோம். அந்த நிலைமை நம் பிள்ளைக்கு வரும்போதும் புகழ்ந்துவிட்டுப் போய்விடலாமா?

"மருத்துவம் உலகக் கல்விதானே" என்று சிலர் முகம் திருப்பலாம். இவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் கல்வியைப் பற்றிய முதல் நூலைத் திறக்கவேண்டும். மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் அவர்கள் தெளிவாக எழுதினார்கள். ஊரில் ஒருவரும் அதைக் கற்கவில்லையானால் ஊர் முழுவதும் குற்றவாளி. அதோடு ஒரு சாட்டையடியும் உண்டு. எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லாதிருக்க, மக்கள் ஃபிக்ஹின் கருத்து வேறுபாடுகளிலும் வாதங்களிலும் போட்டி போட்டு மூழ்கிக் கிடப்பதை அவர்கள் வருந்திக் கண்டித்தார்கள். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது. அந்த அடி விழுவது என்னைப் போன்றவர்களின் முதுகில்தான். நான் அதை மறுக்கவில்லை.

இனி ஸகாத்துக்கு வருவோம். அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எண்ணிச் சொல்லும் எட்டுப் பிரிவினரில் ஃபகீர், மிஸ்கீன், இப்னுஸ் ஸபீல் ஆகியோர் உண்டு. இப்னுஸ் ஸபீல் என்ற வழிப்போக்கர் யார் என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருக்கிறது. ஊரைவிட்டு வெளியே சென்று, வழியில் பொருளற்றுத் தவிப்பவரே வழிப்போக்கர் என்பது ஹனஃபி மத்ஹபும் வேறு பலரும் கொண்ட நிலை. தன் ஊரிலிருந்தே அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்காகப் பயணம் புறப்பட விரும்பி, அதற்கு வழியில்லாதவரும் அதில் அடங்குவார் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ வழி நடக்கும் ஊர்களில் கர்னூலுக்குப் புறப்படும் உப்பளத் தொழிலாளியின் மகளுக்கு வழிப்போக்கர் பங்கிலிருந்தே கொடுக்கலாம். ஹனஃபி வழி நடக்கும் ஊர்களில் அவள் நிஸாபுக்குரிய பொருள் இல்லாத ஏழை என்ற வகையில் கொடுக்கலாம். பணத்தை அவள் கையில் உடைமையாக்கிவிட்டால் அவள் அதைக் கொண்டு ரயில் சீட்டு வாங்கினாலும் சரி, விடுதிக்குக் கொடுத்தாலும் சரி, ஸகாத் நிறைவேறிவிடும். எந்த மத்ஹபைப் பிடித்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. பூட்டியது நம் கைதான்.

"டாக்டரே ஆகிவிட்டாள், இனி என்ன ஏழை" என்ற வாதம் கேட்பதற்கு நியாயம்போல் இருக்கும். ஸகாத் நாளைய வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை, இன்றைய நிலையைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. நிலம் வாங்கப்போகிறவன் இன்று பணக்காரன் ஆகிவிட மாட்டான். இருந்தும் உங்கள் மனம் ஒப்பவில்லையா? நல்லது. அழகிய கடனாகக் கொடுங்கள். முதுநிலைப் படிப்பில் சேர்ந்த மாதத்திலிருந்து மருத்துவருக்கு உதவித்தொகை வருகிறது. எட்டாயிரத்தைச் சில மாதங்களில் திருப்பித் தந்துவிடுவாள். இதற்கு ஸகாத் பணத்தைத் தொடவேண்டாம், லில்லாஹ் நிதியில் சுழலும் தொகையாகச் சிறிது ஒதுக்கினால் போதும். சொந்த நகையும் சேமிப்பும் சேர்ந்து நிஸாபைத் தொட்டுவிட்ட பிள்ளைகளுக்கும், ஸகாத் வாங்கக் கூசும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் இதுவே ஏற்ற வழி. இரண்டையும் மறுத்துவிட்டு, ஒரு தாயை வட்டிக்கடையின் படியேற்றிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வட்டியின் கொடுமையைப் பற்றிக் குத்பா கேட்பது எந்த வகை நேர்மை?

மஹ்ரம் பற்றிப் பேசியவருக்கு நான் அன்று பாதி பதில்தான் சொன்னேன். மீதி இது: மஹ்ரம் வேண்டும் என்ற சட்டத்தைச் சொல்லும் ஜமாஅத், இரண்டாவது பயணச்சீட்டுக்கான தொகையையும் எடுத்து மேசைமேல் வைக்கவேண்டும். ஓர் ஆண்பிள்ளைக்கு நாலாயிரத்தில் முடியும் பயணம் பெண்பிள்ளைக்கு எட்டாயிரம் ஆகிறது. தந்தையின் இரண்டு மூன்று நாள் கூலியும் போகிறது. மார்க்கம் அவளைப் பாதுகாக்க வைத்த ஏற்பாட்டை, அவளைத் தடுக்கும் தண்டனையாக நாம் மாற்றிவிட்டோம். நம் வீட்டுப் பெண்களின் பிரசவத்துக்குப் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று மருத்துவமனை வாசலில் அடம்பிடிப்பவர்களும் நாம்தாம்!

சமுதாயத்தைச் சொன்ன கையோடு பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தேர்வோடு செலவு முடிந்துவிடுவதாக நினைத்துப் பல குடும்பங்கள் இடறுகின்றன. நம் நாட்டில் முதுநிலை இடங்களுக்கு நேர்காணல் கிடையாது, கலந்தாய்வு இணையத்தில்தான் நடக்கிறது. ஆனால் இடம் கிடைத்ததும் அசல் சான்றிதழ்களோடு அந்தக் கல்லூரிக்கு நேரில் செல்லவேண்டும். அதற்குச் சில நாட்களே அவகாசம். முதல் சுற்றில் சேர்ந்துவிட்டு இதைவிட நல்ல இடத்துக்கு முயல விரும்பினால், நேரில் சென்று சேர்ந்தாக வேண்டும். அடுத்த சுற்றில் இடம் மாறினால் பழைய கல்லூரியிலிருந்து சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டு புதிய கல்லூரிக்கு ஓடவேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டில் அது எந்த மாநிலமாகவும் இருக்கலாம். பதிவின்போதே பொதுப் பிரிவினர் 25,000 ரூபாயும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினர் 10,000 ரூபாயும் வைப்புத்தொகை கட்டவேண்டும். அது திரும்ப வரும் பணம்தான். ஆனால் பயணச் செலவு நெருக்கும் அதே வாரங்களில் அது முடங்கிக் கிடக்கும். இரண்டாம் சுற்றில் கிடைத்த இடத்தில் போய்ச் சேராமல் விட்டாலோ, பறிபோகும். வழிச்செலவுக்குப் பணமில்லாமல் வைப்புத்தொகையையும் இழப்பதைப் போன்ற பரிதாபம் உண்டா?

ஆகவே பயிற்சி மருத்துவர் ஆண்டில் உதவித்தொகை வரத் தொடங்கிய முதல் மாதமே, வீட்டில் அனைவரும் உட்கார்ந்து இதைப் பேசவேண்டும். தேர்வுக்கு ஒரு பயணம், சேர்க்கைக்கு ஒன்று, இடம் மாறினால் இன்னொன்று. மூன்றையும் வெளிமாநிலம் என்றே வைத்துக் கணக்கிடுங்கள். சென்னையே கிடைத்தால் மிச்சம். அந்தத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதந்தோறும் தனியாக எடுத்து வையுங்கள். புதிய கைப்பேசிக்கும் நண்பரின் திருமணப் பரிசுக்கும் அதைத் தொடக்கூடாது. வீண்விரயமும் கருமித்தனமும் இன்றி நடுவழியில் செலவிடுவோரை அல்ஃபுர்கான் அத்தியாயம் ரஹ்மானின் அடியார்களின் பண்புகளில் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறது. கணக்கு எழுதுவது கஞ்சத்தனம் என்று நினைக்கும் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வசதி படைத்தோரிடம் ஒன்று கேட்கலாம் அல்லவா? வலீமா விருந்தில் மீந்து கொட்டப்படும் பிரியாணிச் சட்டிகளின் விலையை யாரேனும் கணக்கெடுத்ததுண்டா? மூன்றாவது, நான்காவது உம்ராவுக்குப் புறப்படும் பெரியவர்களை வழியனுப்ப நானும் துஆச் செய்கிறேன். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அது உபரி வணக்கம். ஊர் மீது கடமையாக நிற்கும் ஃபர்ளு கிஃபாயாவுக்கு எட்டாயிரம் கிடைக்காத ஊரில், உபரிக்கு லட்சங்கள் எளிதாகக் கிடைப்பது ஏன் என்று அந்த விமானத்தில் அமர்ந்து ஒரு கணம் யோசிக்கலாம்.

அந்தப் பெண் கர்னூலுக்குச் சென்றாள். தேர்வு எழுதித் திரும்பினாள். மதிப்பெண்ணை இங்கே எழுதப்போவதில்லை. அவள் தேறினால்தான் என் வாதம் சரி என்றோ, தேறாவிட்டால் குழு செய்தது சரி என்றோ யாரும் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. சங்கிலி அடுத்த கோடையில்தான் மீண்டது. வட்டியாகப் போனது எவ்வளவு என்று அவள் தந்தையிடம் கேட்டேன். "அதை விடுங்க ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டார்.

அதே குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆண்டுக் கணக்கில் "கல்விப் பயணம்" என்று தனித் தலைப்பு; உடன்செல்லும் மஹ்ரமின் செலவும் அதில் சேரும்; ரசீதுக்குப் பதிலாகத் தேர்வு நகர அறிவிப்பின் நகல் போதும்; விண்ணப்பித்த மூன்று நாட்களுக்குள் முடிவு. மார்க்கச் சட்டம் என்ன என்று கேட்டால் இரு மத்ஹபுகளின் நூல்களிலிருந்தும் பக்கங்களைக் குறித்து இணைத்திருக்கிறேன். ரமளானுக்கு முந்தைய கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை என்னை அழைக்காவிட்டாலும் நான் போய் உட்காருவேன், இன்ஷா அல்லாஹ்.